கூண்டுக் கதவைக் கடைசியில் சாத்துங்கள்: நாய்க்குட்டிக்குக் கூண்டு பழக்கும் முறை

போன வருஷம் சித்திரையில் மதுரை நரிமேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு சிப்பிப்பாறைக் கலப்புக் குட்டி வந்தது. மணி என்று பெயர். வந்த அன்று ராத்திரியே புதுக் கூண்டுக்குள் தூக்கி வைத்து, கொண்டியை மாட்டிவிட்டுப் படுக்கப் போனேன். விடிய விடிய ஊளை. காலையில் எதிர்வீட்டு அக்கா, "ஏந் தம்பி, பச்சப் பிள்ளைய ஜெயில்லயா போட்ருக்கீக?" என்று கேட்டார். அப்புறம் பத்து நாளைக்குக் கூண்டைப் பார்த்தாலே மணி கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தான்.

தப்பு என்னுடையது. கதவு சாத்துவது கடைசி வேலை, நான் அதில்தான் ஆரம்பித்தேன். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அந்த வரிசையைத்தான் கீழே சொல்கிறேன்.

கூண்டும் இடமும்

நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அவ்வளவு இடம் போதும். குட்டிதானே வளரட்டும் என்று ரொம்பப் பெரிதாக வாங்கினால், ஒரு மூலையில் தூங்கி மறு மூலையில் ஒன்றுக்குப் போய்விடும். பெரிதாக வாங்கியாயிற்று என்றால் நடுவில் ஒரு பலகையைத் தடுப்பாக வையுங்கள், வளர வளர நகர்த்திக்கொள்ளலாம்.

நான் பக்கத்து கிரில் பட்டறையில் சொல்லி அடித்தேன். நீங்களும் அப்படிச் செய்வதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையக் கூடாது. வெல்டிங் பிசிறை நன்றாக ராவியிருக்க வேண்டும், உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தரையில் வெறும் கம்பி வேண்டாம், கால்விரல் மாட்டும். ஒரு பிளைவுட் பலகையும் அதன் மேல் பழைய போர்வையும் போதும்.

எங்கே வைப்பது என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மதுரையில் அக்னி நட்சத்திர வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தகரக் கொட்டகையிலோ மொட்டை மாடியிலோ கூண்டுக்குள் அடைபட்ட நாய் செத்தே போகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஹாலில், ஆட்கள் நடமாடும் இடத்தில், மேற்கு வெயில் விழாத மூலையில், ஃபேன் காற்று படும்படி வையுங்கள். குகை மாதிரி இருக்கட்டும் என்று மேலே துணி போட்டால் பழைய பருத்திச் சேலையாகப் போடுங்கள், முன்பக்கத்தையாவது திறந்து விடுங்கள்.

கதவு திறந்தே இருக்கும் நாட்கள்

முதலில் கதவைப் பின்னால் மடக்கி ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள். தானாக ஆடி முதுகில் பட்டால் அந்தப் பயம் போகவே நாளாகும். கழுத்துப்பட்டையையும் கழற்றுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

கோழி ஈரலை உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். ஒரு துண்டைக் கூண்டு வாசலில் போடுங்கள். அடுத்ததைக் கொஞ்சம் உள்ளே. அதற்கடுத்ததைக் கடைசியில். உள்ளே போனால் "நல்ல பையன்" என்று சொல்லி இன்னொன்று. உடனே வெளியே வந்துவிட்டால் வரட்டும். பின்னால் இருந்து தள்ளாதீர்கள், இழுக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. மணி முழு உடம்பையும் உள்ளே கொண்டுபோக நான்கு நாள் ஆனது. முன்பே பயந்த குட்டி, அதனால் அவசரப்படவில்லை.

அவனே ஓடிப்போய் நிற்க ஆரம்பித்த பிறகு "வீட்டுக்குப் போ" என்று சொல்லப் பழகினோம். கூண்டு என்ற வார்த்தையை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் உள்ளேயே வைத்தோம்.

இப்போதுதான் கதவு

சாப்பிடும்போது மெதுவாகச் சாத்துங்கள், தட்டு காலியாகும் முன்பே திறந்துவிடுங்கள். மறுநாள் சாப்பிட்டு முடித்த பிறகு பத்து விநாடி. பிறகு அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து. பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். பத்து நிமிடம் நிம்மதியாகப் படுத்தால், அடுப்படி வரை போய் வாருங்கள். சிணுங்கினால் நேரத்தைக் கூட்டியது அதிகம் என்று அர்த்தம், அடுத்த தடவை குறைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரியில் கூண்டை உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மாதக் குட்டியால் விடியும்வரை மூத்திரத்தை அடக்க முடியாது. நடுராத்திரி அழுதால் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். பேச்சு, விளையாட்டு வேண்டாம், வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே. இதற்குச் சோம்பல்பட்டால் போர்வையைத் துவைக்கும் வேலை உங்களுடையது.

பகலில் எவ்வளவு நேரம் விடலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அதிகபட்சம் அத்தனை மணி நேரம். மூன்று மாதம் என்றால் நான்கு மணி நேரம். இந்தக் கணக்கும் வளர்ந்த நாய்க்குச் செல்லாது, அதற்கும் பகலில் நான்கைந்து மணி நேரம் போதும். காலையில் பூட்டிவிட்டு மாலைவரை வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூண்டு தீர்வு ஆகாது, நடுவில் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

செருப்பைக் கடித்தான் என்று கோபத்தில் உள்ளே போட்டுப் பூட்டாதீர்கள். ஒரே ஒரு நாள் அப்படிச் செய்தாலும் இரண்டு வார ஈரல் வீண். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்: மணி உள்ளே இருந்தால் கையை விடக் கூடாது, கம்பியைத் தட்டக் கூடாது.

சில நாய்கள் எவ்வளவு பொறுமையாகப் பழக்கினாலும் எச்சில் வழிய, பல் உடைய, கம்பியைக் கடிக்கும். அது அடம் அல்ல, பயம். உடனே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

பழகிய நாய்க்கு இது பல இடத்தில் உதவும். ரயிலில் கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில் போக நேர்ந்தாலும் அவ்வளவாக மிரளாது. தீபாவளிக்கு முதல் சரவெடி வெடித்ததும் மணி தானாகக் கூண்டுக்குள் போய்ச் சுருண்டுகொண்டான். கதவை நாங்கள் சாத்தவில்லை. இடையில் ஒருமுறை வெளியே வந்து, எல்லாரும் இருக்கிறோமா என்று பார்த்துவிட்டு, தட்டில் இருந்த அதிரசத்தையும் மோந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தான்.