கான்வெக்ஸ் ஹல் ட்ரிக்: பெருக்கல் வழிந்ததைச் சரிசெய்த விதம்

கோட்ஃபோர்சஸ் என்ற நிரலாக்கப் போட்டித் தளத்தின் 319சி, மரம் வெட்டும் கணக்கு. தலைப்பில் வரும் கலீலாவும் திம்னாவும் வேறு யாருமல்ல, நம் பஞ்சதந்திர நரிகள் கரடகனும் தமனகனும்தான்.

ஒரு மரத்தை வெட்டும் செலவு: முந்தைய ஏதோ ஒரு மரம் வரை ஆன செலவு, கூட்டல் அந்த மரத்தின் சார்ஜ் விலை (ரம்பத்தை ஒருமுறை சார்ஜ் செய்ய ஆகும் செலவு) × இப்போதைய மரத்தின் உயரம். இதில் மிகக் குறைந்தது வேண்டும். மரங்கள் 1,00,000 வரை. இரட்டை லூப் தாங்காது. ஆனால் முந்தைய ஒவ்வொரு மரத்தையும் ஒரு நேர்கோடாகப் பாருங்கள்: சார்ஜ் விலை சாய்வு, செலவு மாறிலி. கோடுகளின் கீழ் உறையை, அதாவது ஏதாவது ஓர் உயரத்தில் மிகக் குறைந்த மதிப்பைத் தரும் கோடுகளை மட்டும், வைத்திருந்தால் போதும்; இதுதான் கான்வெக்ஸ் ஹல் ட்ரிக். சாய்வு குறைந்துகொண்டே வருகிறது, உயரம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் ஒரே பாயின்டர் முன்னோக்கி நகர்ந்தாலே வேலை முடிகிறது. இந்த அழகுக்காகவே எனக்கு இந்த உத்தி பிடிக்கும்.

இப்படி எழுதிய என் நிரலுக்குச் சின்ன டெஸ்ட்கள் பாஸ்; பெரியதில் தவறான விடை. அடுத்தடுத்த மூன்று கோடுகளில் நடுக்கோடு தேவையா என்று பார்க்கும் வரி இது (மா மாறிலி, சா சாய்வு; இது உண்மையானால் நடுக்கோடு நீக்கப்படும்):

(மா3 − மா1) × (சா1 − சா2) ≤ (மா2 − மா1) × (சா1 − சா3)

மாறிலி 10^18 வரை, சாய்வு 10^9 வரை போகும். பெருக்கினால் 10^27, 64 பிட்டில் சுமார் 9.2 × 10^18 வரைதான் இடம். எண் வழிந்து குறி மாறியதும் தேவையான கோடே நீக்கப்பட்டுவிட்டது.

டபுள் என்ற தசம எண் வகைக்கு மாற்றச் சொல்வார்கள். 53 பிட் துல்லியத்தை இங்கே நான் நம்பமாட்டேன். இரண்டு பெருக்கலையும் 128 பிட் முழு எண்ணாக்கினேன், ஏற்கப்பட்டது. 128 பிட் இல்லாத கம்பைலரென்றால் லி சாவ் மரம் (கோடுகளைச் சேமிக்கும் ஒரு தரவுக் கட்டமைப்பு) போடுங்கள்: அதில் கோடுகளின் மதிப்பை மட்டுமே ஒப்பிடுகிறோம், குறுக்குப் பெருக்கலே கிடையாது.