இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா: விசா, காய்ச்சல், போயா நாள்

தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்தான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் டவுன் அதைவிடத் தூரம். ஆனால் நேராகப் போக வழி கிடையாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய, ரயிலில் தனுஷ்கோடி வந்து கப்பலேறும் போட் மெயில் காலம் 1964 புயலில் தனுஷ்கோடியோடு போனது. அதற்கப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய தலைமன்னார் கப்பலும் 1980களில் நின்றது. மறுபடி விடப்போகிறார்கள் என்ற செய்தி அடிக்கடி வரும், அதை நம்பி யாரும் லீவு போட வேண்டாம்.

இப்போதைக்கு நம் பக்கத்துக்கு வசதி மதுரையிலிருந்து கொழும்பு விமானம். கண்டி, நுவரெலியா, காலி என்று தெற்கே சுற்றுவதானால் இதுதான் சரி. யாழ்ப்பாணம், நல்லூர், நயினாதீவு மட்டும் போதுமென்றால் கொழும்பில் இறங்கிவிட்டு மறுபடி வடக்கே ஏறுவது வீண் அலைச்சல். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் போகிறது. கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். கடல் கொந்தளித்தால் ரத்தாகும் என்பதை நம் கடற்கரை ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கப்பலை நம்பித் திரும்பும் நாளை முடிவு செய்யாதீர்கள்.

"தெரிஞ்ச ஆளு வள்ளத்துல கொண்டுபோய் விட்ருவாரு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம், பிடிபட்டால் சிறை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா மட்டும் தனிக்கணக்கு: முன்கூட்டியே பெயர் பதிந்து, அனுமதி பெற்ற படகில் போய் வரலாம், பாஸ்போர்ட் விசா கேட்க மாட்டார்கள். ஆனால் அது தீவோடு சரி, அங்கிருந்து இலங்கைக்குள் போக முடியாது.

பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். அப்புறம் இடிஏ எனப்படும் மின்னணு பயண அனுமதி. சுற்றுலாவுக்கு முதலில் 30 நாள் தருவார்கள். கட்டணம் உண்டா இல்லையா என்பது அடிக்கடி மாறுகிற விஷயம், ஆகவே டிக்கெட் போட்ட பிறகு இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் பாருங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பவை பாதி தரகர் தளங்கள், அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கூடுதலாகக் காசு பிடுங்கும். முகவரியின் கடைசியில் 'கவ் டாட் எல்கே' (gov.lk) இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நம்மவர்களுக்குப் பெயர் விஷயம் பெரிய தலைவலி. இனிஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயர் கட்டம் காலி என்று ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டும் ஒரு விதம். டிக்கெட்டிலும் இடிஏவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், ஆதாரில் உள்ளபடி அல்ல. வளைகுடாவுக்கு எடுத்த பாஸ்போர்ட்டில் இசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற) முத்திரை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், இசிஆர் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை.

காய்ச்சல் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெளிநாடு போனால் அங்கே என்ன நோய் தொற்றுமோ என்றுதான் யோசிப்போம். மலேரியாவில் கதை தலைகீழ். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்று கொடுத்தது. மலேரியாவை வெகுகாலமாகப் பார்த்துவருவது நம் ராமேஸ்வரம் தீவுப் பக்கம்தான். கிணற்றிலும் தொட்டியிலும் முட்டையிடும் நம்மூர் மலேரியா கொசு இனம் 2016 கடைசியில் மன்னாரிலும் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் ஒரு நோயாளி போதும், மறுபடி பரவ வாய்ப்பு உண்டு. ஆகவே அங்கே காய்ச்சல் வந்தால், இந்தியாவிலிருந்து, அதுவும் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறோம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். மறைத்தால் உங்களுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து.

டெங்கு அங்கே நிறைய, முக்கியமாக மழைக்காலங்களில். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போடுங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரை டெங்குவில் ரத்தக்கசிவைக் கூட்டும். அவசரத்துக்கு 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் வரும், இந்திய அரசின் உதவியோடு தொடங்கிய சேவை அது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

மழை இரண்டு பக்கமாகப் பெய்யும். நமக்கு மழை கொட்டும்போதுதான் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலையிலும் கொட்டும். மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, காலி பக்கம் மழையும் முரட்டு அலையும். அந்த மாதங்களில் கடலில் குளிக்க வேண்டுமென்றால் கிழக்கே நிலாவெளி, பாசிக்குடா போங்கள். மலைநாட்டு ரயிலில் போக ஆசைப்படுபவர்கள், 2025 நவம்பரில் டிட்வா புயல் அடித்த பிறகு எந்தப் பாதை ஓடுகிறது என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

அடுத்து போயா. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரசு விடுமுறை. வங்கி இல்லை, மதுக்கடை இல்லை, இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்தால் ஓரளவு தெரியும், ஒரு நாள் முன்பின் ஆகலாம். போயா வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் நீண்ட விடுமுறை, கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் நிற்க இடமிருக்காது. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி வரும் வெசாக் மட்டும் வேறு, ஊரெல்லாம் விளக்குக்கூடு, தெருவோரத்தில் தன்சல் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இலவசச் சாப்பாடு. கூட்டம் பரவாயில்லை என்பவர்கள் வேண்டுமென்றே அப்போது போகலாம். சித்திரைப் புத்தாண்டுக்கு மட்டும் போகாதீர்கள், சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கொண்டாடுவதால் கொழும்பில் சாப்பாட்டுக் கடை தேடி அலைய வேண்டியிருக்கும். மன்னார் பக்கத்து மடு மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 15, அறை முன்பே சொல்லி வையுங்கள்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கக் கூடாது, அங்கே அது பெரிய அவமரியாதை. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பச்சைக்காகவே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே வேலை செய்கிறது, கிளம்புமுன் ஆப்பில் வெளிநாட்டுப் பணம் செலுத்தும் வசதியைத் திறந்து வையுங்கள். சின்னக் கடையிலும் பஸ்ஸிலும் ரொக்கம்தான். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கினாலும் நம்மூர் சிம்மைக் கழற்றி வைக்காமல் ரோமிங்கில் விடுங்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.