கல்லூரியில் ராக் இதழ் கொண்டுவரப் போகிறீர்களா? டிசைனுக்கு முன்னால் இந்த வேலைகளை முடியுங்கள்

போன மாதம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடையில், எனக்குத் தெரிந்த இரண்டு முதலாண்டுப் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து ஒரு அட்டைப்படத்தைக் காட்டினார்கள். எரிகிற கிடார், மேலே கொட்டை எழுத்தில் பெயர், மூலையில் பார்கோடு. "உள்ளே என்னப்பா வரப்போகுது?" என்று கேட்டேன். "அதை இனிமேதான்க்கா யோசிக்கணும்" என்றார்கள். கல்லூரியில் படித்தபோது நானும் மூன்று நண்பர்களும் தமிழில் 16 பக்கத்துக்கு ஒரு ராக் இதழ் கொண்டுவந்தோம், நாங்களும் அட்டையில்தான் தொடங்கினோம், அதனால் இரண்டு மாதம் வீணானது. அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பழைய இதழ்களை அளந்து பாருங்கள்

படிப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும். ஒரு ஸ்கேலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வோர்ம் மாதிரிப் பழைய புத்தகமும் விற்கிற கடைகளில் இசை இதழ்கள் ஏதாவது கையில் சிக்கினால் வாங்கிவிடுங்கள், சிக்காவிட்டால் சீனியர்கள், மாமா, சித்தப்பா வீட்டுப் பரணில் தேடுங்கள். வெவ்வேறு குணமுள்ள மூன்று இதழ்கள் போதும். அட்டையில் எத்தனை தலைப்புகள், ஒரு பக்கத்தில் எத்தனை பத்தி, படம் பாதியா கால்வாசியா, விளம்பரம் எத்தனை பக்கம், ஒரு பேட்டி எத்தனை பக்கம் ஓடுகிறது என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்கள். பத்து நிமிட வேலை மாதிரித் தெரியும், ஒரு இதழுக்கே ஒரு மாலை போய்விடும். போகட்டும்.

கூடவே, இந்த இதழ்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'ரோலிங் ஸ்டோன்' 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது, அதன் இந்தியப் பதிப்பு 2008-இல் வந்தது. 1976-இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற இளைஞர் 'ஸ்னிஃபிங் க்ளூ' என்ற பங்க் ராக் இதழைக் கொண்டுவந்தார். டைப்ரைட்டரில் அடித்த பக்கங்கள், ஸ்கெட்ச் பேனாவில் கையால் எழுதிய தலைப்புகள், எல்லாவற்றையும் ஜெராக்ஸ் போட்டுப் பின் அடித்தது, அவ்வளவுதான். பங்க் இசைக்கு அந்தக் கரடுமுரடே பொருத்தமாக இருந்தது. நம் நாட்டில் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1993-இல் தொடங்கியது மும்பையிலோ பெங்களூரிலோ இல்லை, அலகாபாத்தில். அமித் சைகலும் ஷீனா கமட்டும் சேர்ந்து தொடங்கினார்கள். காசும் வசதியும் உள்ள ஊரில்தான் இதெல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அலகாபாத்தான்.

இரண்டாம் படி: படிக்கப்போகிறவர் யார்?

எனக்குத் தெரிந்தவரை முழுத் திட்டத்திலும் இதுதான் பெரிய வேலை, எல்லோரும் தாண்டிப் போகிற வேலையும் இதுதான். கூகுள் ஃபார்ம் ஒன்றைச் செய்து, "உங்களுக்கு ராக் பிடிக்குமா? ஆம் / இல்லை" என்று கேட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். அதை வைத்து ஒரு பக்கம்கூடத் திட்டமிட முடியாது.

அதற்குப் பதிலாக இருபது பேரோடு தனித்தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். கருத்து கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். போனில் கடைசியாகக் கேட்ட ஐந்து பாட்டு என்ன? காட்டச் சொல்லுங்கள். கடைசியாகப் போன நேரடி இசை நிகழ்ச்சி எது, டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யாரோடு போனார்கள்? காசு கொடுத்துக் காகித இதழ் வாங்கியது எப்போது? அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய கேள்வி ஒன்று: தமிழ் எவ்வளவு வேகமாகப் படிப்பீர்கள்?

இந்தக் கடைசிக் கேள்விதான் எங்கள் இதழை மாற்றியது. அல்சூர், சிவாஜிநகர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் என்று நாங்கள் பேசியவர்களில் பலர் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். பேச்சு சரளமாக வரும். ஆனால் பள்ளியில் தமிழ் படித்ததில்லை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள், அம்மாவோ பாட்டியோ சொல்லிக்கொடுத்த எழுத்துதான். ஒரு பெண்ணிடம் எங்கள் மாதிரிப் பக்கம் ஒன்றைக் கொடுத்தோம். 9 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்து, பெரிய பெரிய பத்திகள். அவள் விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு மூன்று வரி படித்துவிட்டு, "நல்லாருக்கு, அப்புறம் படிக்கிறேன்" என்று மடித்து வைத்துவிட்டாள். அன்றைக்கே 11 புள்ளிக்கு மாறினோம், ஒரு பத்திக்கு ஆறு வரிக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தோம், சந்தி பிரித்துப் படிக்கச் சிரமமான நீளச் சொற்களைக் குறைத்தோம். அந்தப் பெண்தான் அதன்பிறகு எங்கள் வாசகி. எந்தக் கட்டுரை வந்தாலும் "அவள் இதை முடிப்பாளா?" என்பதே கேள்வி.

உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைக்க வேண்டும். கற்பனையாகச் செய்யாதீர்கள், பேசிய இருபது பேரில் ஒருவராக இருக்கட்டும்.

மூன்றாம் படி: பெயர்

சின்னதாக, அட்டையின் அகலத்தில் பெரிதாகப் போட முடிகிற மாதிரி, நான்கைந்து எழுத்துக்குள் இருந்தால் நல்லது. 1981-இல் தொடங்கிய 'கெராங்' என்ற பிரிட்டிஷ் இதழ், டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்கிய கிடாரில் பவர் கார்டு அடித்தால் வருகிற சத்தத்தையே பெயராக வைத்துக்கொண்டது. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை! இரட்டைக்கிளவி என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கே உதவும். தடதட, கணகண, படபட, சடசட எல்லாமே டிரம்ஸ் சத்தம் மாதிரித்தான் ஒலிக்கிறது. பத்துப் பெயர் எழுதி, சத்தமாகச் சொல்லிப் பார்த்து, அதே பெயரில் வேறு இதழ் இருக்கிறதா என்று தேடிவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: உள்ளே என்ன?

முதல் இதழுக்கு ஒரு பெரிய பேட்டி, ஒரு நேரடி நிகழ்ச்சி விமர்சனம், ஆல்பம் விமர்சனம் நான்கு, ஊரின் ராக் வரலாற்றைச் சொல்கிற ஒரு கட்டுரை, நடுவில் ஒரு பெரிய படம். இதுவே 16 பக்கத்துக்குச் சரியாக இருக்கும்.

வரலாற்றுக்குப் பெங்களூரில் விஷயம் கொட்டிக் கிடக்கிறது. 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதல் முறையாக வாசித்தது இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸில்தான். 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா அதே இடத்துக்கு வந்தது. இப்போது முதலாண்டு படிக்கிறவர்கள் அப்போது சின்னக் குழந்தைகள், சிலர் 2007-இல் பிறந்தேகூட இருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். எந்த பஸ்ஸில் போனீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், அன்றைக்குப் போட்ட டீ-ஷர்ட் இப்போது எங்கே என்று கேளுங்கள். டீ-ஷர்ட்டைத் தேடி எடுத்து வந்தார் என்றால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அரைப் பக்கம் தயார்.

பேன்ட் என்றால் 1996-இல் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர், 1998-இல் தொடங்கிய கிரிப்டோஸ், கர்நாடக சங்கீதக் கீர்த்தனைகளையும் ராக்கையும் சேர்த்து வாசிக்கிற அகம் எல்லாமே நம் ஊர்தான். சென்னையில் 2018 ஜனவரியில் முதலில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் சேர்த்து என்ன செய்தது என்பது பற்றித் தமிழில் எழுத நிறைய இருக்கிறது. பெரிய பேன்ட் பேட்டி கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் கல்லூரி பேன்டின் பேஸ் கிடாரிஸ்ட், ஆம்ப் பழுது பார்க்கிறவர், ஃபெஸ்ட்டுக்கு சவுண்ட் போடுகிறவர், இவர்கள் சொல்வது எந்தத் தளத்திலும் கிடைக்காது. சவுண்ட் செக் நேரத்தில் போனால் பேசவும் நேரம் இருக்கும்.

படங்களைப் பற்றி ஒன்று. நெட்டில் கிடைக்கிற படத்தை எடுத்துப் போடாதீர்கள், அது எடுத்தவருடையது. நீங்களே எடுங்கள், அல்லது எடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அவர் பெயரைப் போடுங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் மேடைக்கு முன்னால் நின்று எடுக்க முதல் மூன்று பாட்டு வரைக்கும்தான் விடுவது வழக்கம், ஃப்ளாஷ் கூடாது. ஆகவே மூன்று பாட்டுக்குள் என்னென்ன படம் வேண்டும் என்று முன்பே பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வரிகளும் அப்படித்தான். விமர்சனத்துக்காக ஒன்றிரண்டு வரி எடுத்துக்காட்டுவதற்கு 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது, முழுப் பாட்டையும் அச்சடிப்பது வேறு விஷயம்.

ஐந்தாம் படி: டம்மி

டம்மி என்றால் அச்சுக்கு முன்னால் வெற்றுத் தாளில் செய்து பார்க்கிற மாதிரி இதழ். இதைக் கையால்தான் செய்ய வேண்டும். நான்கு ஏ4 தாள் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, குறுக்கே பாதியாக மடியுங்கள். ஏ5 அளவில் 16 பக்கப் புத்தகம் கையில் வந்துவிடும். புரட்டிப் புரட்டி மூலையில் 1 முதல் 16 வரை எண் போடுங்கள். இப்போது தாள்களைப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளில் ஒரு பக்கம் 16-ம் 1-ம், பின்னால் 2-ம் 15-ம். அடுத்த தாளில் 14-ம் 3-ம், பின்னால் 4-ம் 13-ம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜோடியைக் கூட்டினால் 17 வரும்.

இதனால் என்ன என்றால், 8-ம் 9-ம் மட்டும்தான் படிக்கும்போதும் அச்சடிக்கும்போதும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே தாளில் இருக்கின்றன. பெரிய படத்தை அங்கே வையுங்கள், மடிப்பில் துளிகூட விலகாது. 4-5 இல் வைத்தால் பாதி ஒரு தாளில், பாதி இன்னொரு தாளில், பாடகர் முகம் மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். கலருக்குக் காசு குறைவாக இருந்தால் 1, 2, 15, 16 மட்டும் கலர் என்று வையுங்கள், அது ஒரே தாள். நடுவில் பின் அடிக்கிற இதழுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில்தான் வரும், 18 பக்கம் என்று போய் நிற்காதீர்கள். டம்மியில் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் என்ன கட்டுரை, எங்கே படம், எங்கே விளம்பரம் என்று குறித்தால் அதுவே உங்கள் திட்டம்.

ஆறாம் படி: தமிழ் எழுத்தும் சாஃப்ட்வேரும்

எங்கள் முதல் புரூஃபை, அதாவது திருத்துவதற்கான சோதனைப் பிரதியை, வாங்கிப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. 'மேடை' என்ற சொல்லில் கொம்பு 'ம'வுக்குப் பின்னால் தனியாக நின்றது. 'கொ' இருந்த இடமெல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. டிடிபி கடையில் எங்கள் ஃபைலைத் திறந்து அமைப்பை மாற்றிச் சேமித்திருந்தார்கள். காரணம் எளிமையானதுதான். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது, திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது சாஃப்ட்வேரின் வேலை. இன்டிசைனில் வேலை செய்தால் பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இலவசமாக வேண்டும் என்றால் ஸ்க்ரைபஸ் 1.6 தமிழைச் சரியாகக் காட்டும், அதற்கு முந்தைய 1.4-ஐ நம்பாதீர்கள். எதில் செய்தாலும் எழுத்துருவை உள்ளே பொதிந்த பிடிஎஃப் மட்டும் அச்சகத்துக்குக் கொடுங்கள்.

எழுத்துருவுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம். தலைப்புக்குப் பலூ தம்பி தடியாக நன்றாக நிற்கும். மொத்த இதழுக்கும் இரண்டு போதும். படங்கள் அச்சு அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு மை முறை), ஓரம் வரை வருகிற படத்துக்கு வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல்.

ஏழாம் படி: அச்சகமும் நாள் கணக்கும்

மூன்று அச்சகத்தில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஏ5, 16 பக்கம், எத்தனை பிரதி, எத்தனை பக்கம் கலர், உள்தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனம்), சென்டர் பின். ஒரே மாதிரி கேட்டால்தான் விலையை ஒப்பிட முடியும். ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு பத்து பிரதிக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான், ஆகவே கொஞ்சப் பிரதி என்றால் டிஜிட்டல்தான் கட்டுப்படியாகும். ஃபெஸ்ட் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், அச்சுக்கு ஒரு வாரம், திருத்தத்துக்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள். மாதாமாதம் அச்சடித்து வெளியே விற்கிற எண்ணம் இருந்தால், 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தைப் பற்றிக் கல்லூரியில் பேசிவிட்டு இறங்குங்கள்.

புரூஃப் வந்ததும் நீங்கள் படித்துத் திருத்துவது போதாது, எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. இரண்டாம் படியில் தேர்ந்தெடுத்தீர்களே, அந்த வாசகரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குறுக்கே பேசாமல் இன்னொரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் தடுக்குகிற இடம், திரும்பப் போய்ப் படிக்கிற இடம், கண்ணை எடுத்துப் பக்கத்தைப் புரட்டுகிற இடம் எல்லாவற்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் 16 பக்கத்தில் நாற்பதுக்கு மேல் கோடு விழுந்தது. அத்தனையையும் திருத்திவிட்டுத்தான் பிடிஎஃப்பை அனுப்பினோம்.