வன்னியில் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போனால் புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று சந்திக்குச் சந்தி, உள்ளே திரும்பினால் மல்லாவி, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு போன்ற கடைத்தெருக்களில், இரண்டு அறையும் ஒரு மருந்து இறாக்கையும் வாசலில் ஒரு நீள வாங்கும் கொண்ட சிறிய தனியார் மருத்துவ நிலையங்களைக் காணலாம். இவற்றுட் பலவற்றை அரச வைத்தியசாலையில் கடமை முடித்த வைத்தியர்கள் மாலை வேளைகளில் நடத்துகிறார்கள். பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய குடும்பம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் முதலில் வந்து நிற்பது இங்கேதான். ஆகவே இங்கே நிகழும் ஒரு சிறு கவனக்குறைவு, மாவட்டப் பொது வைத்தியசாலையின் வாசலுக்கு மூன்று நாள் கழித்துப் பெரிய நோயாகப் போய்ச் சேரக்கூடும். இந்த வழிகாட்டி, அத்தகைய நிலையத்தை நடத்துபவரும் அவருடைய உதவியாளர்களும் சுகாதாரத் திணைக்களத்தினர் வருவதற்கு முன்னரே தம்மைத் தாமே சோதித்துக்கொள்வதற்காக எழுதப்படுகிறது.

தாள்களை முதலில் முடித்துவிடலாம், அதற்கு அரை மணி நேரம் போதும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டத்தின்படி நிலையம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். விண்ணப்பம் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாகத் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவைக்குச் செல்லும். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவராக இருப்பதும், அவருடைய பெயரும் பதிவிலக்கமும் நோயாளி வாசிக்கக்கூடிய இடத்தில் இருப்பதும் அவசியம். வைத்தியர் விடுமுறையில் சென்ற நாட்களில் அந்த இருக்கையில் யார் இருந்தார் என்ற கேள்வியையும் இந்த இடத்திலேயே கேட்டுவிட வேண்டும். சட்டகம் போட்ட சான்றிதழ் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாது.

அடுத்து, எந்த நேரத்தில் பார்ப்பது என்பதைத் தீர்மானியுங்கள். காலை 10 மணிக்குத் துடைத்து வைத்த மேசையைப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது. மாலை 6 மணிக்கு, வாங்கில் இருபது பேர் காத்திருக்க, மின்சாரம் ஒருமுறை போய் வந்த பின்னர், மருந்து கொடுக்கும் பிள்ளை களைத்திருக்கும் நேரத்தில் பாருங்கள். ஒரு நோயாளி வாசலில் இலக்கம் பெறுவதிலிருந்து மருந்து உறையுடன் வெளியேறும் வரை, அவருடைய அனுமதியுடன், பின்னால் நடந்து செல்லுங்கள். எங்கே காத்திருந்தார், இருமலோடு வந்தவர் கைக்குழந்தைக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார், அவருடைய நோயை வைத்தியர் விசாரித்தது வெளியே இருந்தவர்களுக்குக் கேட்டதா, மருந்தை எப்படிக் குடிப்பதென்று எவராவது சொன்னார்களா என்பவை எல்லாம் அந்த ஒரு நடையில் புலப்படும். இங்கிலாந்தில் பொது மருத்துவர் நிலையங்கள் 2013 ஏப்ரல் முதல் பராமரிப்புத் தர ஆணைக்குழுவின் பரிசோதனைக்கு உட்பட்டுள்ளன. பாதுகாப்பானதா, பயனளிக்கிறதா, பரிவுடன் நடக்கிறதா, மக்களின் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நன்றாக நிர்வகிக்கப்படுகிறதா என்ற ஐந்து கேள்விகளை வைத்து அங்கே மதிப்பிடுகிறார்கள். இலண்டனில் இருக்கும் எங்கள் உறவினர்கள் தங்கள் வைத்தியரின் தரத்தை வாசலில் வாசித்துவிட்டு உள்ளே போகிறார்கள். எமது நிலையங்களில் அப்படி ஒட்டும் வழக்கம் இல்லை என்றாலும், அந்த ஐந்து கேள்விகளையும் மனதில் வைத்து நடப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.

ஊசி போடும் மேசைக்கு வாருங்கள். கை கழுவும் தொட்டியில் நீரும் சவர்க்காரமும் துடைக்கும் தாளும் உண்டா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கை உண்மையில் கழுவப்பட்டது என்று ஓரமாக இருந்து எண்ணுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவ 40 முதல் 60 வினாடி, மதுசாரத் திரவம் பூசித் தேய்க்க 20 முதல் 30 வினாடி வேண்டும். பாவித்த ஊசியை மீண்டும் மூடியால் மூடும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்தப்பட வேண்டும், ஏனெனில் உதவியாளரின் விரலில் ஊசி குத்தும் ஆபத்து அந்தக் கணத்தில் அதிகம். கூர்மையான கழிவுகளுக்கான துளைக்க முடியாத பெட்டி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி அகற்றப்பட வேண்டும். பலமுறை எடுக்கக்கூடிய மருந்துக் குப்பிகளில் திறந்த திகதி எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தியாளர் வேறு காலம் குறிப்பிடாதவிடத்து 28 நாட்களுக்குப் பின்னர் அதை வீச வேண்டும். திகதியே இல்லாத குப்பியைத் திறந்த நாள் தெரியாத குப்பியாகவே கருதி ஒதுக்கிவிடுங்கள்.

வன்னியின் வெயில் மருந்துக்குப் பகை. பல மருந்துகளின் பெட்டியில் 25 அல்லது 30 பாகை செல்சியஸுக்குக் கீழே வைக்குமாறு அச்சிடப்பட்டிருக்கிறது; தகரமோ அஸ்பெஸ்டஸ் கூரையோ போட்ட அறையில், நிலையம் பூட்டிக் கிடக்கும் பகல் நேரத்தில், மேல் இறாக்கை அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். அதிகூடிய, அதிகுறைந்த வெப்பநிலையைப் பதிந்து காட்டும் வெப்பமானி ஒன்றை மேல் இறாக்கையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால், மருந்துகளை எந்தச் சுவருக்கு மாற்றுவது என்பது தானே விளங்கும். இன்சுலினும் ஏற்புவலித் தடுப்பூசியும் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டியவை. அவை உறைந்துவிட்டால், பின்னர் உருகிப் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பாவிக்கக்கூடாது. ஆதலால் உறைபனி அறையை ஒட்டியும், திறக்கும்போதெல்லாம் சூடேறும் கதவிலும் அவற்றை வைப்பது தவறு. வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுத வேண்டும். நான் பார்த்த ஒரு நிலையத்தின் பதிவேட்டில் மாதம் முழுவதும் 4, 4, 4 என்று அழகான கையெழுத்தில் இருந்தது, அடுத்த வாரத்துக்கான நான்குகளும் சேர்த்து. அந்த உதவியாளரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை; 9 பாகை என்று எழுதினால் யாரிடம் சொல்வது, மருந்தை எங்கே மாற்றுவது என்று அவருக்கு எவரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

காயம் கட்டும் கருவிகளைக் கொதிநீரில் போட்டெடுப்பது கிருமியழிப்பு ஆகாது. நீராவி அழுத்தக் கருவியில் 121 பாகையில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும், நேரத்தை அந்த வெப்பநிலை எட்டிய பின்னரே எண்ணத் தொடங்க வேண்டும். நிறம் மாறும் ஒட்டுநாடா பொதி சூட்டுக்குள் போய் வந்ததை மட்டுமே சொல்லும் என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் குழாய்க்கிணற்று நீர் கடினமானது. கேத்தலில் படியும் வெள்ளைப் படிவம் இந்தக் கருவியின் வால்வையும் வெப்பச் சுருளையும் அடைக்கும். எனவே காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுகிறார்களா என்று கேட்டு, உள்ளே விரலால் தடவிப் பாருங்கள்.

இனி, பலரும் தவிர்க்கும் பகுதி: நோயாளர் பதிவுகள். கடந்த மாதத்திலிருந்து இருபது பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். வைத்தியர் தெரிவு செய்து தருபவை வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வாமை கேட்கப்பட்டு எழுதப்பட்டிருக்கிறதா, பிள்ளைகளுக்கு நிறை அளந்த பின்னரே மருந்தின் அளவு தீர்மானிக்கப்பட்டதா, தடிமனுக்கும் தொண்டை நோவுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாரிகாலக் காய்ச்சல் பதிவுகளைத் தனியாக எடுத்து, டைக்ளோபெனக், ஐபுபுரோபன் போன்ற வலிமருந்துகள் கொடுக்கப்பட்டனவா என்று தேடுங்கள். டெங்கு என்று சந்தேகிக்கக்கூடிய காய்ச்சலில் அவை இரத்தக்கசிவுக்கு இடமளிப்பதால் தவிர்க்கப்பட வேண்டும், பரசிற்றமோலே போதும்; மூன்றாம் நாளில் இரத்தக் கல எண்ணிக்கை பார்க்கச் சொல்லப்பட்டதா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். காலபோக வயலில் நின்று வந்தவரின் காய்ச்சலில் எலிக்காய்ச்சல் நினைக்கப்பட்டதா? வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்களில் சிறுநீரக நோய் காணப்படும் நிலையில், முதுகு நோவென்று மாதாமாதம் வரும் விவசாயிக்கு அதே வலிமருந்துகளே திரும்பத் திரும்பக் கொடுக்கப்படுகின்றனவா, சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை ஒருமுறையாவது பார்க்கப்பட்டதா? போரில் காயப்பட்டவர்களின் உடலில் தங்கிவிட்ட உலோகச் சிதறல்கள் பதிவின் முதற்பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னொரு காலத்தில் காந்தப் புலத்தால் படமெடுக்கும் பரிசோதனைக்கு அனுப்பப்படும்போது அந்த ஒரு வரி பெரிய ஆபத்தைத் தடுக்கும். என் கணிப்பில், இந்த இருபது பதிவுகளும் மற்ற எல்லாச் சோதனைகளையும் விட அதிகம் சொல்லும்.

டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற அறிவிக்கப்பட வேண்டிய நோய்களைச் சந்தேக நிலையிலேயே எச்544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை தனியார் வைத்தியருக்கும் உண்டு. படிவக் கட்டு மேசையில் இருக்கிறதா என்பதை விட, கடைசியாக எப்போது ஒன்று கிழிக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். அந்தத் தகவல் போனாற்றான் பொதுச் சுகாதார பரிசோதகர் நோயாளியின் வளவுக்கு வந்து நுளம்பு பெருகும் இடங்களைத் தேட முடியும்.

அவசர ஆயத்தத்தை வாய்ச்சொல்லால் சோதிக்க வேண்டாம். பெனிசிலின் ஊசி போட்டவர் திடீரென்று மூச்சுத் திணறி விழுந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இத்தகைய கடும் ஒவ்வாமைக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் பூட்டிய அலுமாரிக்குள் இருந்து, சாவி வைத்தியரின் வீட்டில் இருப்பதாகத் தெரியவந்தால் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது. வளர்ந்தவருக்கு 1:1000 செறிவில் 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் என்பதைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வையுங்கள். ஒட்சிசன் உருளையைத் திறக்கும் சாவி உருளையோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். மின்சாரம் நின்றால், மூச்சுத் திணறலுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் எதில் ஓடும் என்று கேளுங்கள். பாம்பு கடித்தவரை இங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 சுவசெரிய நோயாளர் வண்டிக்கு அழைத்து, விசமுறிவு மருந்து உள்ள வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதை வாசலில் இலக்கம் கொடுப்பவர் உட்பட அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

கழிவுகளைத் தேடிப் பின்வளவுக்குப் போங்கள். தொற்றுக் கழிவுக்கு மஞ்சள் பை, பொதுக் கழிவுக்குக் கறுப்புப் பை என்ற பிரிப்பு அறைக்குள் சரியாக இருந்தும், பின்னால் இரண்டும் ஒரே குழியில் எரிக்கப்படுவதுண்டு. எரிப்பதற்குரிய வசதி உள்ள இடத்துடன் எழுத்து மூல ஏற்பாடும், ஒப்படைத்த திகதியும் நிறையும் எழுதிய கொப்பியும் இருக்க வேண்டும். கூர்மையானதை நிலத்தில் புதைத்துவிட்டு மறந்துபோனால் என்ன நடக்கும் என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

வாசற்படியில் சக்கர நாற்காலி ஏறுமா, பெண்ணைப் பரிசோதிக்கும்போது திரையும் துணைக்கு ஒரு பெண்ணும் இருக்கிறார்களா, மருந்து உறையில் பெயரும் அளவும் நேரமும் நோயாளி வாசிக்கும் மொழியில் எழுதப்படுகின்றனவா என்பவற்றை வெளியே வரும் ஐந்து பேரிடம் கேட்டே அறியலாம். உறையைக் காட்டி, இதை எப்படிக் குடிக்கப் போகிறீர்கள் அம்மா என்று கேளுங்கள்.

கண்டவற்றை அன்றிரவே எழுதுங்கள். இன்றே திருத்த வேண்டியவை, ஒரு மாதத்துக்குள் திருத்தக்கூடியவை, பணம் தேடிச் செய்ய வேண்டியவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பானவரின் பெயரையும் திகதியையும் இடுங்கள். எல்லோரும் பொறுப்பு என்று எழுதினால் எவரும் செய்யமாட்டார்கள். நிலையத்தில் உள்ள அனைவரையும் இருத்தி, நன்றாக இருந்தவற்றையும் சேர்த்து வாசித்துக் காட்டிய பின்னர், ஆறு வாரம் கழித்து, நாள் சொல்லாமல், மீண்டும் ஒரு மாலை 6 மணிக்கு வாருங்கள். முதலில் குளிர்சாதனப் பெட்டியின் பதிவேட்டைத் திறவுங்கள். அதில் ஒரு 9 இருந்து, அதற்குப் பக்கத்தில் மருந்தை எங்கே மாற்றினோம் என்ற குறிப்பும் இருந்தால், மற்றப் பதிவேடுகளையும் நம்பி வாசிக்கத் தொடங்கலாம்.