ஜியோபாலிமர் சாந்து: கலக்கும்போதே முடிவாகும் வலு

சிமென்ட் சாந்து கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து இளக்குவது கொத்து வேலையில் ஊறிப்போன பழக்கம். ஜியோபாலிமரில், அதாவது சிமென்ட்டுக்குப் பதில் சாம்பலையும் கசடையும் காரக் கரைசலால் (ஆல்கலி) இறுகவைக்கும் சாந்தில், அதை அறவே விட்டுவிட வேண்டும். சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. இங்கே தண்ணீர் முக்கியமாகக் காரத்தைச் சுமந்து போகும் வாகனம்தான். வேலை முடிந்ததும் பெரும்பகுதி வெளியேறி, இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுப்போகும். கூடுதல் தண்ணீர் காரத்தையும் நீர்த்துப்போகச் செய்யும்.

தொடங்குவதற்கு ஒரு அளவு: உலைச்சாம்பல் (அனல்மின் நிலையத்து ஃபிளை ஆஷ்) 7 கிலோ, அரைத்த இரும்பு உலைக் கசடு 3 கிலோ, மணல் 20 கிலோ, காரக் கரைசல் 4 கிலோ. அந்த 4 கிலோவில் சோடியம் சிலிக்கேட் கரைசல் 2.85 கிலோ, 10 மோலார் காஸ்டிக் சோடா கரைசல் 1.15 கிலோ.

பலர் தவறுவது மோலார் (கரைசலின் செறிவு அளவு) கணக்கில். 10 மோலார் என்றால் 1 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சோடா போடுவதல்ல. கரைந்து முடிந்த கரைசல் 1 லிட்டராக இருக்க வேண்டும். எடைக்கணக்கே சுலபம்: மேலே சொன்ன 1.15 கிலோவுக்கு 360 கிராம் சோடா, 790 கிராம் தண்ணீர். சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரமோ அச்சோ கூடாது. காரம் அதை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கரைசலை முந்தின நாளே தயாரித்து ஆறவிடுங்கள். சூடாக ஊற்றினால் கலவை மிக்சரிலேயே இறுகத் தொடங்கும்.

மணலின் ஈரத்தைக் கவனியுங்கள். 20 கிலோ மணலில் 3 சதவீத ஈரம் என்றால் 600 கிராம் தண்ணீர். சோடா கரைக்க எடுத்ததே 790 கிராம்தான்! மணலைக் காயவைத்த பிறகே எடை போடுங்கள்.

முதலில் உலர்பொருட்களை 3 நிமிடம் கலக்கவும். பிறகு கரைசலை ஒரே சீராக ஊற்றி 4, 5 நிமிடம் ஓட்டவும். முதல் நிமிடத்தில் வறண்டு உதிரும். பதறி எதுவும் சேர்க்காதீர்கள். சாம்பல் துகள்கள் நனைய நனையப் பளபளப்பு ஏறி, கரண்டியிலிருந்து தேன்போல இழுபட்டு விழும். கசடே சேர்க்காத கலவையை 10 நிமிடத்துக்கு மேலும் ஓட்டலாம்: துகள்கள் உரசிக்கொள்ள, சிலிக்காவும் அலுமினாவும் கூடுதலாகக் கரைந்து வலு ஏறும். கசடு இருந்தால் அந்த நீட்டிப்பு ஆபத்து. அதிலுள்ள கால்சியம் விரைவில் கூழாகிப் பிணையும். அதன்பின் மிக்சர் ஓடினால் பிணைப்பு உடையும், உடைந்தது முழுதாக ஒட்டாது.

வேகமும் முக்கியம். சிலிக்கேட்டின் பிசுபிசுப்பு காற்றுக்குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடைசி ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டி, அச்சில் இரண்டு அடுக்காக ஊற்றி, ஒவ்வொரு அடுக்கையும் குமிழி வருவது நிற்கும்வரை அதிரவிடுங்கள்.

ஊற்றியவுடன் பிளாஸ்டிக் தாளால் மூடவும். மேற்பரப்பு சீக்கிரம் காய்ந்தால் மயிரிழை விரிசல் விழும். கசடு சேர்த்த கலவை அறை வெப்பத்திலேயே இறுகும். தனிச் சாம்பலுக்கு 60 டிகிரியில் 24 மணி நேரம் தேவை. சில நாளில் வெள்ளையாகப் பூத்தால், வினையில் சேராத சோடியம் ஈரத்தோடு வெளியே வருகிறது என்று பொருள். அடுத்த முறை கரைசலின் அளவைக் குறைத்துப் பாருங்கள்.