ஆபரேஷனுக்கு முன் ஃபீனோ டெஸ்ட்: ஊதப் போகும்போது

ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபரேஷன் என்றால் சில டாக்டர்கள் முன்கூட்டியே ஃபீனோ டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளந்து மூச்சுக்குழாயில் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இது, ஏனென்றால் அழற்சியோடு இருக்கும் குழாய் மயக்கத்தில் தொண்டைக்குள் டியூப் போகும்போது சட்டென்று இறுகிவிடலாம்.

டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, காபி, சிகரெட், ஓட்டம் எதுவும் வேண்டாம். முந்தின வேளை பீட்ரூட், கீரையையும் தவிர்த்துவிடுங்கள், அளவைக் கூட்டிக் காட்டும். சிகரெட்டோ குறைத்துக் காட்டும். நுரையீரலின் திறனை அளக்க வேகமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி டெஸ்டும் இருந்தால் ஃபீனோவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

மூச்சை முழுக்க உள்ளிழுத்து, சீராக 10 விநாடி ஊத வேண்டும். பலூன் ஊதுவது போல வேகமாக ஊதினால் கருவி ஏற்காது, திரும்பவும் முதலிலிருந்து!

பெரியவர்களுக்கு 25 பிபிபிக்குக் (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவு) கீழே என்றால் குறைவு, 50க்கு மேல் அதிகம்; 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு 20, 35. அதிகம் வந்தால் பயப்பட வேண்டாம், அலர்ஜி சளியில்கூட ஏறும். குறைவு என்பதற்காக நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். சமீபத்தில் சளி, இருமல், இரவில் வீசிங் வந்ததா என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், என்னைக் கேட்டால் அந்த எண்ணைவிட இதுதான் முக்கியம். அப்புறம், அவர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, ஆபரேஷன் அன்று காலையிலும் இன்ஹேலரை விடாதீர்கள், கையோடு எடுத்தும் போங்கள்.