லாம்ப்டாவில் சிக்கிய மொத்த எடை

திருகோணமலையில் ஒரு மீன் வாடிக்கு ஜாவாவில் கணக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வள்ளமும் இறக்கும் எடையைக் கூட்ட, பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபோர்ஈச்சுக்குள் ஒரு லாம்ப்டா, அதாவது பெயரில்லாத குட்டிச் செயல்கூறு; அதில் ‘மொத்தம் += எடை’. நிரலைச் சரிபார்த்து மொழிமாற்றும் கம்பைலர் விடவில்லை. லாம்ப்டா தொடும், வெளியே மெத்தடுக்குள் (செயல்கூறுக்குள்) அறிவித்த உள்மாறி ஃபைனல் (மாற்ற முடியாதது) என்று குறித்ததாகவோ, ஒருமுறை வைத்த மதிப்பு மாறாததாகவோ இருக்க வேண்டுமாம்.

நியாயம்தான். லாம்ப்டா அந்த மாறியைப் பிடித்துவைப்பதில்லை, மதிப்பைத்தான் நகலெடுக்கிறது. மெத்தட் முடிந்த பிறகும் அது ஓடக்கூடும் என்பதால், மூலம் ஒன்று நகல் ஒன்று என்று ஆக ஜாவா இடம் கொடுப்பதில்லை. 2014இல் வந்த ஜாவா 8க்கு முன்பு, இதே வேலைக்குப் பயன்பட்ட, பெயரில்லாத அநாமதேய வகுப்புகள் தொடும் உள்மாறிக்கு ஃபைனல் என்று எழுதியே ஆகவேண்டியிருந்தது.

மொத்தத்தை ஒற்றை உறுப்பு அணிக்குள் ஒளித்தால் பிழை போய்விடும். எனக்குப் பிடிக்கவில்லை, தரவைப் பல இழைகளில் ஒரே நேரத்தில் ஓட்டும் பேரலல் ஸ்ட்ரீமில் கணக்குப் பிசகும். ஸ்ட்ரீமில் எடைகளை எண்களாக எடுக்கும் மேப்டுடபுள் போட்டு, கூட்டும் சம் என்று முடித்தேன். கூட்டிவைக்க மாறியே தேவைப்படவில்லை.

அப்புறம் பழைய அநாமதேய வகுப்பு ஒன்றை லாம்ப்டாவாக்கினால், ‘எடை’ ஏற்கெனவே அறிவிக்கப்பட்டது என்றது கம்பைலர். வெளியே உள்ள உள்மாறியின் பெயரையே வகுப்புக்குள் மறுபடி வைக்கலாம், லாம்ப்டாவுக்குள் முடியாது. லாம்ப்டா வாங்கும் அளவுருவின் பெயரை மாற்றினேன், சரியாகிவிட்டது.